தொப்பி, சாவி, கேஸ் அடுப்பு: குறும்படக் கதைக்கருவின் பெண் வரலாறு

குறும்படத் திரைக்கதை எழுதச் சொல்லித்தரும் பயிலரங்குகளில் பெரும்பாலும் முதல் நாளே மூன்று சொற்கள் பலகையில் ஏறிவிடுகின்றன: நாயகன், நோக்கம், தடை. நாயகனுக்கு ஒன்று வேண்டும். அதை அடையவிடாமல் ஒன்று குறுக்கே நிற்கும். அவன் மோதுவான், வெல்வான் அல்லது தோற்பான். கதைக்கரு என்பது இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவது. அந்த வாக்கியத்தை எழுத முடியாதவர்களிடம் 'கதை இல்லை' என்று ஆகிவிடுகிறது.

இந்தச் சூத்திரத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. இரண்டு மணி நேரப் படத்தை நகர்த்திச் செல்ல அது உதவும். ஆனால் 'நாயகன்' என்று எழுதும்போதே அங்கே ஒரு பால் அடையாளம் வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பதையும், நோக்கம், மோதல், வெற்றி என்ற வரிசை வீட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப அனுமதி உள்ள ஒருவரின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் யாரும் சொல்வதில்லை. நாள் முழுக்க ஒரே நான்கு சுவர்களுக்குள் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவளின் வாழ்க்கை இந்த வாக்கியத்துக்குள் அடங்குவதில்லை. அடங்காததால் அவளிடம் கதையே இல்லை என்று நாம் முடிவுகட்டுகிறோம். மெல்ல மெல்ல அவளும் அதையே நம்புகிறாள்.

சினிமா பிறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை படம் என்றாலே பெரும்பாலும் குறும்படம்தான். ஒரு நிமிடத்தில் தொடங்கி, ஒரு ரீல், அதாவது ஆயிரம் அடிப் படச்சுருள், பத்து முதல் பதினைந்து நிமிடம் என்று வளர்ந்த காலம் அது. அப்போது கதைக்கரு எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடிப்போனால் எதிர்பாராத அளவுக்குப் பெண்களின் பெயர்கள் வருகின்றன. அதன் பிறகும், நீளப்படங்களின் கதவு அவர்களுக்குச் சாத்தப்பட்ட காலங்களில், குறும்படத்தில் வேறு வகையில் யோசித்தவர்களும் பெண்களாகவே இருக்கிறார்கள். குறும்பட எழுத்தைக் கற்க விரும்புகிறவர்களுக்கு இந்த வரலாறு பயிற்சிக் கையேடாகவும் உதவும்.

கடிதம் எழுதிய நேரம் போக

ஆலிஸ் கீ 1873இல் பிரான்சில் பிறந்தவர். சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்துவிட்டு, 1894இல் ஒளிப்படக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் லியோன் கோமோனுக்குச் செயலராகச் சேர்ந்தார். 1895 மார்ச்சில் லூமியேர் சகோதரர்களின் அசையும் படத்தை, அது பொதுமக்களுக்குக் காட்டப்படுவதற்கு முன்பே, பார்த்தவர்களில் அவரும் ஒருவர். தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் தொழிலாளர்கள், நிலையத்துக்குள் வரும் ரயில் என்று கேமரா எதிரில் இருப்பதை மட்டும் பதிவுசெய்த நாட்கள் அவை. இதைவிட நன்றாகச் செய்யலாமே, சின்னக் கதைகளை நடித்து எடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. முதலாளியிடம் கேட்டார். அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: செயலர் வேலைக்கு எந்த இடைஞ்சலும் வரக்கூடாது.

கடிதம் எழுதிய நேரம் போக எஞ்சிய நேரத்தில் கதை எழுதலாம் என்பதுதான் அந்த நிபந்தனையின் பொருள். உலையில் அரிசி வேகும் இடைவெளியில் எழுதுகிற நம் பெண்களுக்கு இது புதிதல்ல.

அப்படி உருவான 'முட்டைக்கோஸ் தேவதை' ஒரு நிமிடப் படம். 1896இல் அதை எடுத்ததாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். குழந்தை எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பிள்ளைகளிடம் முட்டைக்கோஸுக்குள்ளிருந்து என்று பிரெஞ்சு வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, தோட்டத்து முட்டைக்கோஸ்களுக்கு இடையிலிருந்து ஒரு தேவதை குழந்தைகளை எடுத்து வைப்பதாகக் காட்டினார். கேமராவை ஆண்கள் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்த காலத்தில், வீட்டுப் பெண்கள் வாய்ப்பேச்சாக வைத்திருந்த ஒன்றை அவர் கதைக்கருவாக்கினார்.

அவருடைய இன்னொரு வழி, உள்ளதைத் தலைகீழாக்கிப் பார்ப்பது. 1906இல் எடுத்த 'பெண்ணியத்தின் விளைவுகள்' ஏழு நிமிடப் படம். அதில் ஆண்கள் இஸ்திரி போடுகிறார்கள், தைக்கிறார்கள், பிள்ளையைக் கவனிக்கிறார்கள். பெண்கள் மதுக்கடையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள், புகைக்கிறார்கள், வழியில் போகும் ஆணை மடக்கித் தொந்தரவு செய்கிறார்கள். முடிவில் ஆண்கள் பொறுக்கமுடியாமல் கிளர்ந்தெழுந்து மதுக்கடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பெண்ணியத்தைக் கேலி செய்யும் படம் என்று இதை மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் சொல்லலாம். ஆனால் அந்த ஆண்கள் எதற்காகக் கிளர்ந்தெழுகிறார்கள்? பெண்கள் அன்றாடம் வாழ்கிற வாழ்க்கையை ஏழு நிமிடம் வாழ்ந்ததற்காக. தலைகீழாக்கிய பிறகுதான் நேராக இருந்ததன் வன்முறை கண்ணில் படுகிறது.

இவ்வளவு செய்தவரின் பெயர் என்ன ஆயிற்று? கோமோன் நிறுவனத்தின் படத் தயாரிப்பைப் பத்தாண்டுக் காலம் நடத்தியவர், பிறகு அமெரிக்கா போய் 1910இல் சோலாக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியவர், பின்னாளில் வரலாற்று நூல்களில் தன் படங்கள் வேறு ஆண்களின் பெயரில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி அவர் எடுத்த படம், அதில் அவருக்கு உதவியாளராக இருந்த விக்டோரன் ஜாசேயின் படமாகச் சொல்லப்பட்டது. முதுமையில் அவரே தன் படங்களின் பட்டியலைத் தயாரித்துத் திருத்தங்களுக்காக அலைந்தார். 1968இல் இறந்தார். அவருடைய நினைவுக்குறிப்பு நூலாக வந்தது 1976இல்.

சிறுவாட்டுக் காசில் வாங்கிய தொப்பி

அமெரிக்காவில் கதைக்கருவுக்கு விலை வந்த கதையிலும் ஒரு பெண் இருக்கிறார். காலெம் நிறுவனத்தின் நடிகையும் எழுத்தாளருமான ஜீன் காண்டியர் 1907இல் 'பென்ஹர்' நாவலை ஒரு ரீல் படமாகச் சுருக்கி எழுதினார். யாரிடமும் உரிமை வாங்கவில்லை. அப்போது அது வழக்கமும் இல்லை. பதிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாவல்களை இனி இஷ்டத்துக்கு எடுக்க முடியாது என்றானதும், வாரந்தோறும் படம் வெளியிட வேண்டிய நிறுவனங்களுக்குச் சொந்தக் கதைகளின் தேவை இன்னும் கூடியது. கதை அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டன. எப்படி எழுதுவது என்று சொல்லித்தரக் கையேடுகளும் அஞ்சல் வழிப் பாடங்களும் பெருகின. வீட்டிலிருந்தபடி எழுதி அஞ்சலில் அனுப்பலாம் என்பதால் பெண்கள் ஏராளமாக எழுதினார்கள்.

அப்படி அஞ்சலில் போன கதைகளில் ஒன்று அனிட்டா லூஸ் என்ற இருபதுகளில் இருந்த பெண் எழுதியது. 25 டாலருக்கு விலைபோன அந்தக் கதையை 1912இல் கிரிஃபித் 'நியூயார்க் தொப்பி' என்று எடுத்தார். கதை இதுதான். சிற்றூரில் ஒரு தாய் இறந்துபோகிறாள். பாதிரியாருக்கு ஒரு கடிதமும் கொஞ்சம் பணமும் விட்டுச் செல்கிறாள். கணவன் தன்னை வேலை வாங்கியே கொன்றுவிட்டான் என்றும், அவனுக்குத் தெரியாமல் சேர்த்த இந்தக் காசில் மகளுக்கு அவ்வப்போது ஏதாவது அழகான பொருள் வாங்கித்தரவேண்டும் என்றும் கடிதத்தில் இருக்கிறது. கடையில் மகள் ஏங்கிப் பார்த்த விலையுயர்ந்த தொப்பியைப் பாதிரியார் வாங்கித் தருகிறார். ஊர் பேசத் தொடங்குகிறது. இளம் பாதிரியார், இளம் பெண், பத்து டாலர் தொப்பி. தகப்பன் தொப்பியைக் கிழித்துப்போடுகிறான். கடைசியில் தாயின் கடிதம் வெளியே வருகிறது.

இந்தப் பணத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: சிறுவாடு. கடுகு டப்பாவிலும் பழைய புடவை மடிப்பிலும் ஒளித்துவைக்கும் காசு. அதற்குக் கணக்கு கிடையாது, அதனாலேயே அது வரலாற்றிலும் வராது. லூஸ் அந்தக் கணக்கில் வராத பணத்திலிருந்து கதையைத் தொடங்கினார்.

கற்கிறவர்கள் கவனிக்கவேண்டியது, கதை முழுவதும் ஒரு பொருளைச் சுற்றிக் கட்டப்பட்டிருப்பது. தொப்பி கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்போது ஆசை. தலையில் ஏறும்போது அவதூறு. தகப்பன் கையில் கிழியும்போது அதிகாரம். கடிதத்தோடு சேரும்போது இறந்தவளின் குரல். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் பொருளின் பொருள் மாறுகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன 'நோக்கம்' என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தொப்பி ஒரு ஊரின் ஆணாதிக்கத்தை முழுதாக வெளியே இழுத்துவிடுகிறது. பாதிரியார் அவளை மணக்கக் கேட்பதோடு படம் முடிவது அந்தக் காலத்தின் எல்லை; தாயின் கடிதத்துக்கு அது ஈடாகாது.

பழைய கதைக்கு வேறு வாசல்

'புதிய கதைக்கரு வேண்டும்' என்று தவிப்பவர்களுக்கு லோயிஸ் வெபர் 1913இல் எடுத்த 'சஸ்பென்ஸ்' என்ற பத்து நிமிடப் படத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். கதை புதியதே அல்ல. வீட்டில் தனியாக மனைவி, வெளியிலிருந்து வரும் ஆபத்து, தொலைபேசியின் மறுமுனையில் கணவன் என்ற அமைப்பு பிரெஞ்சு நாடக மேடையிலிருந்து வந்தது. கிரிஃபித்தும் 1909இல் அதை எடுத்திருந்தார். கேள்விப்பட்ட கதையைத்தான் வெபர் எழுதி, தன் கணவரோடு சேர்ந்து இயக்கி, தானே நடித்தார்.

அவர் மாற்றியவை மூன்று. முதலாவது, கதை எங்கே தொடங்குகிறது என்பது. வீட்டுப் பணிப்பெண் சாவித்துவாரம் வழியாக எஜமானியையும் கைக்குழந்தையையும் பார்க்கிறாள். பிறகு, ஆளரவமற்ற இந்த வீட்டில் யாரும் வேலைக்கு இருக்கமாட்டார்கள் என்று சீட்டு எழுதிவைத்துவிட்டு, சாவியைப் பின்வாசல் மிதியடிக்குக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். ஆபத்து திருடனால் தொடங்கவில்லை. கூலிக்கு இருந்த ஒருத்தி வேலையை விட்டதால் தொடங்குகிறது. அந்த நடுத்தர வர்க்கத்து வீட்டின் பாதுகாப்பு இன்னொரு பெண்ணின் உழைப்பின்மேல் நின்றது என்பதைப் படம் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, கேமரா எங்கே நிற்கிறது என்பது. மாடி ஜன்னலிலிருந்து அவள் கீழே பார்க்கிறாள். நாடோடி தலையை நிமிர்த்தி நேராக மேலே பார்க்கிறான். அவள் கண்ணின் இடத்தில் நம் கண் இருக்கிறது. பயப்படும் பெண்ணை வேடிக்கை பார்க்க வைக்காமல் அவள் பயத்துக்குள் நம்மை நிறுத்துகிறார். மூன்றாவது, யாருக்கு என்ன தெரியும் என்பது. திரையை முக்கோணங்களாகப் பிரித்து, தொலைபேசியில் மனைவி, மறுமுனையில் கணவன், கதவருகே நாடோடி என்று மூவரையும் ஒரே நேரத்தில் காட்டுகிறார். கணவனுக்குத் தெரியாததும் மனைவிக்குத் தெரியாததும் நமக்குத் தெரிகிறது.

எங்கே தொடங்குவது, யாருடைய கண்ணால் பார்ப்பது, யாருக்கு எது தெரியும்: இந்த மூன்று கேள்விகளை எந்தப் பழைய கதையிடம் கேட்டாலும் அது வேறு கதையாகத் திரும்பி வரும். ராமாயணத்தை மண்டோதரியின் அறையிலிருந்து தொடங்கிப் பாருங்கள், தெரியும்.

1910களின் நடுவில் அமெரிக்காவின் முன்னணி இயக்குநர்களில் ஒருவராக இருந்த வெபர் 1939இல் வறுமையில் இறந்தார். இருபதுகளில் படத்தொழில் பெரிய முதலீடாகி, ஒருசில நிறுவனங்களின் கையில் குவிந்தபோது, இயக்குநர் நாற்காலியிலிருந்து பெண்கள் ஏறத்தாழ முற்றாக அகற்றப்பட்டார்கள். எழுத்தில் சிலர் எஞ்சினார்கள். இரண்டு ஆஸ்கர் வென்ற பிரான்சஸ் மரியன் 1937இல் திரைக்கதை எழுதுவது பற்றிப் பாடநூலே எழுதினார். ஆனால் படமெடுக்க விரும்பிய பெண்ணுக்கு இனிப் பணம் தர யாருமில்லை. எனவே மீண்டும் அவள் சிறிய படத்துக்குத் திரும்பினாள்.

செங்குத்தாக இறங்கும் கதை

மாயா டெரன் 1917இல் கீவ் நகரில் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பிரெஞ்சுக் குறியீட்டியம் ஆங்கிலக் கவிதையில் ஏற்படுத்திய தாக்கம் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதியவர். 'எழுத்து' காலந்தொட்டுப் படிமம், குறியீடு என்று நாம் பேசிவரும் சொற்களின் மூல ஊற்றில் படித்தவர் என்று சொல்லலாம். 1943இல் கணவர் அலெக்சாண்டர் ஹமீதோடு சேர்ந்து, தாம் குடியிருந்த வீட்டிலேயே, தாமே நடித்து, 14 நிமிட மௌனப் படமாக 'பிற்பகலின் வலைகள்' படத்தை எடுத்தார்.

ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். கையிலிருந்து சாவி நழுவிப் படிகளில் விழுகிறது. உள்ளே ரொட்டியில் குத்திய கத்தி. எடுத்துக் கீழே வைக்கப்பட்ட தொலைபேசி. நாற்காலியில் தூங்கிப்போகிறாள். பிறகு அவளே மறுபடி வருகிறாள், மறுபடியும் வருகிறாள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி உள்ள ஓர் உருவத்தைத் துரத்துகிறாள், எட்டமுடிவதில்லை. ஒவ்வொரு முறையும் சாவியும் கத்தியும் இடம் மாறியிருக்கின்றன. ஒரு கட்டத்தில் சாவியே கத்தியாகிறது. வீட்டைத் திறப்பதும் உடலைக் கிழிப்பதும் ஒரே பொருளாகிவிடும் அந்த இடத்தை எந்த உரையாடலாலும் எழுதியிருக்க முடியாது.

தான் செய்ததை டெரன் பின்னர் கோட்பாடாகவும் சொன்னார். 1953இல் நியூயார்க்கில் கவிதையும் திரைப்படமும் பற்றி நடந்த கருத்தரங்கில், நாடகம் கிடைமட்டமாக நகர்கிறது, ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குப் போகிறது. கவிதை செங்குத்தாக இறங்குகிறது, ஒரே கணத்தின் ஆழத்தைத் தோண்டுகிறது என்றார். மேடையில் உடனிருந்த டிலன் தாமஸ் அதைக் கேலியாக்கினார். ஆர்தர் மில்லருக்கும் அது ஏற்புடையதாக இல்லை. பிற்காலத்துத் திரைப்பட மாணவர்கள் அந்த மேடையில் நினைவில் வைத்துக்கொண்டது டெரன் சொன்னதைத்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியாமல் போகாது. அகப்பாடலில் 'அடுத்து என்ன நடந்தது' என்பது அநேகமாக இருப்பதில்லை. தலைவன் வரவில்லை, பொழுது சாய்கிறது, தோழி பக்கத்தில் இருக்கிறாள். அவ்வளவே. அந்தக் கணத்துக்குள் நிலமும் பொழுதும் முதற்பொருளாக, பறவையும் மரமும் பறையும் கருப்பொருளாக, பிரிவோ இரங்கலோ உரிப்பொருளாக இறங்குகின்றன. யார் பேசுகிறாள், யாரிடம் பேசுகிறாள், யார் ஒளிந்து நின்று கேட்கிறான் என்ற கூற்றமைப்பு மட்டுமே பாட்டுக்குள் ஒரு நாடகத்தை உண்டாக்கிவிடுகிறது. 'தடையைத் தாண்டும் நாயகன்' கதை மட்டுமே கதை என்று நம்மை நம்பவைத்தவர்கள், இருப்பும் இரங்கலும் உரிப்பொருளாக முடியும் என்ற நம் இலக்கணத்தை மறக்கவைத்திருக்கிறார்கள்.

பூசணிக்காயும் கேஸ் அடுப்பும்

அக்னெஸ் வர்தா 1958இல், தாம் கருவுற்றிருந்த காலத்தில், பாரிஸின் மூஃப்தார் தெருச் சந்தையில் கேமராவோடு போய் நின்றார். கர்ப்பிணியின் நாட்குறிப்பாக அவர் வடிவமைத்த 'ஒபேரா மூஃப்' 16 நிமிடப் படம். பருத்த வயிறு; அடுத்த காட்சியில் பூசணிக்காயை இரண்டாகப் பிளந்து விதைகளை வழிக்கும் கை. சந்தையில் முதியவர்கள், குடிகாரர்கள், முகம் சுளிக்கும் பெண்கள். இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் யாருடைய வயிற்றிலோ இருந்தவர்கள்தானே, என் பிள்ளையும் இப்படித்தான் ஆகுமா என்ற, தாய்மைக்கு ஆகாததாகச் சொல்லப்படும் அச்சம் படம் முழுக்க ஓடுகிறது. இதில் கதை நிகழ்ச்சிகளில் இல்லை. கர்ப்பம் என்ற ஒரு நிலை, தெரு என்ற ஓரிடம், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்படும்போது கதை பிறக்கிறது.

பத்து ஆண்டுகள் கழித்து பிரஸ்ஸல்ஸில் ஷாந்தால் அக்கர்மான் என்ற 18 வயதுப் பெண் இன்னும் குறுகிய இடத்துக்குள் போனார். 1968இல் அவர் எடுத்து, தானே நடித்த 'என் நகரைத் தகர்த்தெறி' படத்துக்கு ஒரு சமையலறை போதுமானதாக இருந்தது. ஒரு பெண் வாயால் ஏதோ முனகிக்கொண்டு படியேறி வருகிறாள். சமைக்கிறாள், சாப்பிடுகிறாள், கதவிடுக்கை ஒட்டுநாடாவால் மூடுகிறாள். தரையைச் சுத்தம் செய்யப்போய் இன்னும் அலங்கோலமாக்குகிறாள். காலணிக்குப் பாலிஷ் போடத் தொடங்கியவள் காலுக்கும் போட்டுக்கொள்கிறாள். கடைசியில் கேஸைத் திறந்துவிட்டு அடுப்பின்மேல் சாய்கிறாள். திரை இருள்கிறது, வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது.

வீட்டு வேலையின் ஒவ்வொரு செயலும் அங்கே இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் அதிகமாகச் செய்யப்படுகிறது. இது கற்கத்தக்க முறை. ஒரு வழக்கமான செயலை எடுத்துக்கொண்டு அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று கேட்பது. இந்தப் பதின்மூன்று நிமிடத்தில் விதைத்ததை அவர் 1975இல் 'ழான் தீல்மன்' என்ற மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேற்பட்ட படமாக வளர்த்தார். 2022இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் அந்தப் படம் முதலிடம் பெற்றது. உருளைக்கிழங்கு உரிக்கும் பெண்ணை உலகம் அண்ணாந்து பார்க்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

யாருடைய துயரம்?

நம்மூர்க் குறும்படப் போட்டிகளுக்கு வரும் கதைகளில் வேறொரு சிக்கல் உண்டு. 'சமூகக் கருத்து' வேண்டும் என்றதும், தூய்மைப் பணியாளர், பாலியல் தொழிலாளி, வன்புணர்வுக்கு ஆளான சிறுமி என்று தன்னைவிடத் துயரப்பட்ட ஒருவரைத் தேடிப்போய், அவர் அழுவதைக் கதைக்கருவாக்கிவிடுவது. சாதியும் வர்க்கமும் பாதுகாப்பாக வைத்திருக்கும் ஒருவர் இன்னொருவரின் உடலைத் தன் கருத்துக்குப் பயன்படுத்துவது அது.

அப்படியானால் பிறர் துயரைத் தொடவே கூடாதா? ஃபரூக் ஃபரோக்ஸாத் தொட்டார். ஈரானின் அந்தக் கவிஞர் பதினாறு வயதில் மணமாகி, பின் விவாகரத்தில் மகனை வளர்க்கும் உரிமையை இழந்தவர். தன் உடலையும் ஆசையையும் எழுதியதற்காகத் தூற்றப்பட்டவர். 1962இல் தப்ரீஸுக்கு அருகிலுள்ள தொழுநோயாளர் குடியிருப்பில் 12 நாட்கள் தங்கி 'வீடு கருப்பாயிருக்கிறது' என்ற சிறு ஆவணப்படத்தை எடுத்தார். படத்தொகுப்பும் அவரே. அடுத்த ஆண்டு ஓபர்ஹவுசன் விழாவில் பரிசு பெற்றது.

நோயைப் பற்றி ஓர் ஆண்குரல் மருத்துவத் தகவல்களைச் சொல்கிறது. ஃபரூக்கின் குரல் தகவல் எதுவும் சொல்வதில்லை. துதிப்பாடலும் புலம்பலும் கலந்த கவிதையாகக் கூடவே வருகிறது. அந்த மனிதர்கள் தலைவாருகிறார்கள், கண்ணுக்கு மையிடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், திருமணம் செய்கிறார்கள். கடைசியில் வகுப்பறை. அழகானவை சிலவற்றைச் சொல் என்கிறார் ஆசிரியர். ஒரு சிறுவன் நிலா, சூரியன், பூ என்கிறான். அழகற்றவை என்று கேட்டதும் இன்னொருவன் கை, கால், தலை என்கிறான், வகுப்பே சிரிக்கிறது. வீடு என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது ஒருவர் எழுதும் வாக்கியம்தான் படத்தின் தலைப்பு.

அவர்களுக்காக ஃபரூக் அழவில்லை. அவர்களுடைய நகைச்சுவையை அவர்களிடமே விட்டுவைத்தார். ஒதுக்கப்பட்ட உடல் என்றால் என்ன என்பதைத் தன் உடலில் அறிந்திருந்த ஒருவர் அங்கே போனார் என்பதும் முக்கியம். பிறர் கதையைத் தொடுமுன் நம்மிடமிருந்து அங்கே செல்லும் வழி எது என்று கேட்டுக்கொள்ளவேண்டும். வழி இல்லையென்றால் அந்தக் கதையை அதற்கு உரியவர் எழுதட்டும்.

கொக்கியில் தொங்கும் துண்டு

நான் பாடம் சொல்லும் வகுப்பில் இப்போது குறும்படத் திரைக்கதையும் ஒரு தாள். பெண் பிள்ளைகளில் பலர் முதலில் சொல்வது, "எங்க வீட்ல ஒண்ணுமே நடக்காது மேம்." அப்படிச் சொன்ன ஒரு மாணவியிடம், ஒரு நாள் முழுக்க அம்மா செய்வதை நேரம் போட்டு எழுதிவரச் சொன்னேன். நான்கு பக்கம் எழுதிவந்தாள். அதில் ஒரு வரி ஆறு இடத்தில் வந்திருந்தது: காலிங்பெல் அடித்தது, அம்மா நைட்டிக்கு மேல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

பால்காரர், கேஸ் சிலிண்டர், கூரியர், பக்கத்து வீட்டுத் தாத்தா. கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி, அதில் ஒரு துண்டு. லூஸின் தொப்பிபோல அந்தத் துண்டைப் பின்தொடர்ந்து பார் என்றேன். எங்கே தொடங்கலாம் என்று பேசினோம். மணியடிப்பதற்கு முன், கொக்கியிலிருந்து என்று அவளே சொன்னாள். ஆறு மணியோசைகளையும் டெரன்போல ஒரே செயலாகத் திரும்ப வரவைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றினாள். ஒருமுறை துண்டு துவைக்கப் போட்டிருக்கிறது. அம்மா பூந்துவாலையைத் தேடுகிறாள், திரைச்சீலையைப் பார்க்கிறாள், வெளியே மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. முதல் வரைவில் அம்மா துண்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதவைத் திறப்பதாக முடித்திருந்தாள். அம்மா அப்படிச் செய்வாளா என்று கேட்டேன். மாட்டாள் என்றாள். நான்காவது வரைவில் அம்மா குளியலறையில் இருக்கிறாள். மணி அடிக்கிறது. பள்ளிச் சீருடையில் இருக்கும் தங்கை கதவைத் திறக்க ஓடுகிறாள். யாரும் சொல்லாமலே அவள் கை கொக்கிக்குப் போகிறது.

நோக்கம் இல்லை, மோதல் இல்லை, ஒரு வசனம்கூட இல்லை. ஆனால் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு வெட்கம் எப்படிக் கைமாறுகிறது என்பதை நான் இவ்வளவு தெளிவாக எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. திரைக்கதையைக் கொடுக்கும்போது அவள், "என் பேரு வேணாம் மேம், அப்பா பாத்தா எங்க வீட்டு விஷயம்னு தெரிஞ்சிடும்" என்றாள். 'கதை' என்று எழுதி எதிரில் இடம் வெறுமையாக விடப்பட்ட அந்தப் பக்கம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. பெயர் போடு என்று வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதன் விலையைக் கொடுக்கப்போவது நான் அல்ல.

ஆலிஸ் கீயின் பெயரை மற்றவர்கள் அழித்தார்கள். நம் பெண்கள் பலர் அழிக்கும் வேலையையும் தாமே செய்துவிடும்படி வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். கதைக்கருவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். கண்டுபிடித்ததைத் தன் பெயரில் சொல்லிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பிப்போக முடிகிற நிலையை உண்டாக்குவது மீதி. அதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க முடியாது. இயக்கங்களும் நட்புகளும் செய்யவேண்டியது அது.

இந்த வரலாற்றிலும் வெறுமையாக விடப்பட்ட இடங்கள் பல. இங்கே பேசியவர்கள் எல்லோரும் எழுதப்படிக்கக் கிடைத்தவர்கள். கேமராவைத் தொட முடிந்தவர்கள். வெபரின் படத்தில் சாவியை மிதியடிக்கடியில் வைத்துவிட்டுப் போன பணிப்பெண்ணைக் கேமரா பின்தொடரவில்லை. அது எஜமானியோடு வீட்டிலேயே தங்கிவிட்டது. அன்று மாலை அவள் எங்கே போனாள், கையில் எவ்வளவு காசு இருந்தது, அவள் வீட்டுக் கதவை யார் திறந்தார்கள்? நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்படாமல் இருக்கும் கதைக்கரு அது. எழுத விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.